வாசலிலிருந்து ஆர்கன் வரை

ஆர்வில்லா ஓல்ட்ராய்டின் வாழ்க்கைக் குறிப்பை வாசிக்க எனக்கு எட்டு நிமிடம் தந்தார்கள். எங்கள் சபையில் யார் இறந்தாலும் அடக்க ஆராதனையில் ஒருவர் எழுந்து அந்த மனிதரின் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். பிறந்த ஊர், பெற்றோர், திருமணம், சபையில் செய்த ஊழியம், அவ்வளவுதான். ஆர்வில்லாவுக்குக் கணவர் முன்னாலேயே போய்விட்டார், பிள்ளை இல்லை. எதிர்வீட்டுக்காரன் என்ற முறையில் அந்த வேலை என் தலையில் விழுந்தது. அறுபது வருடத்துக்கு மேல் சபையில் ஆர்கன் வாசித்தார் என்றேன், நன்றாகப் பீச் பழ ஜாம் செய்வார் என்றேன், எட்டாவது நிமிடம் உட்கார்ந்துவிட்டேன். அவருடைய கோபத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபத்தை எடுத்துவிட்டு ஆர்வில்லாவைப் பற்றிப் பேசினால் அது உப்பில்லாப் பண்டம். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அதனால் விட்டுப்போனதை இங்கே எழுதிவைக்கிறேன்.

எங்கள் எல்க் ஸ்பிரிங் ஊரில் முன்பு ஒரு பழைய ஆலயம் இருந்தது. கிழக்கு மலையில் வெட்டிய வெண்ணெய் நிறக் கல்லில், எங்கள் பாட்டன்மார் கட்டியது. ஆர்வில்லாவின் தாத்தா க்ரோக் டென்மார்க்கிலிருந்து வந்த பெயிண்டர். இந்தப் பக்கத்தில் கிடைத்த மரம் பைன் ஒன்றுதான். கடவுளின் வீட்டுக்குப் பைன் போதாது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. ஓக் மரம் வரவழைக்கக் காசு இல்லை. க்ரோக் ஒரு வாத்து இறகையும் பல் உடைந்த சீப்பையும் எடுத்துக்கொண்டு, எட்டுப் பைன் தூண்களிலும் ஓக் மரத்தின் ரேகைகளை ஒவ்வொன்றாக வரைந்தார். இரண்டு குளிர்காலம் ஆனதாம். தச்சர்கள் வந்து தட்டிப் பார்த்துத்தான் பைன் என்று ஒப்புக்கொள்வார்களாம். மேற்குச் சன்னல்களில் தேன் நிறக் கண்ணாடி. ஞாயிறு சாயங்கால ஆராதனையில் அந்த வெளிச்சம் விழும்போது எல்லார் முகமும் அழகாக இருக்கும், என் முகம் உட்பட.

ஆர்வில்லா பதினாறு வயதில் அங்கே ஆர்கன் பெஞ்சில் ஏறினார். எட்டாவது தூண் அவர் தோளுக்குப் பக்கத்தில். தாத்தா வரைந்த ரேகைகளைப் பார்த்துக்கொண்டேதான் வாசிப்பார். பாட்டுப் புத்தகத்தைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் வடக்குச் சுவரில் விரிசல் கண்டது. சபைத் தலைமையிடத்துக்கு எழுதினோம். பழுது பார்ப்பதைவிடப் புதிதாகக் கட்டுவது மேல், எல்லா ஊருக்கும் பொதுவான வரைபடம் தயாராக இருக்கிறது என்று பதில் வந்தது. அப்போது எங்கள் பிஷப் ஆர்வில்லாவின் சொந்த அண்ணன் டெல்மண்ட் க்ரோக். எங்கள் பிஷப்புக்குச் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சபையை மேய்ப்பான், மற்ற ஆறு நாளும் வான்கோழி மேய்ப்பான். நல்ல மனிதன்தான், ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

சபை கூடியது. டெல்மண்ட் மேடையில் நின்று, ஆதரிப்பவர்கள் வலது கையை உயர்த்துங்கள் என்றான். எல்லாரும் உயர்த்தினோம். நானும்தான். அந்தக் கூரை என் தலையில் பத்து வருடம் ஒழுகியிருக்கிறது. பிறகு வழக்கப்படி, எதிர்ப்பவர்கள் யாராவது இருந்தால் அதேபோல் கையை உயர்த்தலாம் என்றான். இந்தக் கேள்வியைக் கேட்பது எங்கள் வழக்கம், பதிலுக்குக் காத்திருப்பது வழக்கமில்லை. என் எழுபத்தொன்பது வயதில் அந்தக் கேள்விக்கு ஒரு கை உயர்ந்ததை நான் பார்த்தது அன்று ஒரு நாள் மட்டும்தான். ஆர்கன் பெஞ்சிலிருந்து, முழங்கை மடங்காமல், நேராக. டெல்மண்ட் தங்கையைப் பார்த்தான். "பதிவு செஞ்சாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போனான்.

கூட்டம் முடிந்து வெளியே புல்தரையில் அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது. கேட்கிற தூரத்தில்தான் நான் நின்றேன், ஒப்புக்கொள்கிறேன்.

"இடிக்கிறதுன்னா இடிச்சுத் தொலை. எட்டாவது தூண் எனக்கு வேணும், டெல்மண்ட். முழுசா."

"சனிக்கிழமை நாலு ஆளைக் கூட்டிட்டு வந்து நானே எடுத்துத் தர்றேன். இடிக்கிறது அதுக்கு அப்புறம்தான்."

"நிஜமா?"

"பொய் சொல்லுவேனா, வில்லா?"

செவ்வாய்க்கிழமை ஆர்வில்லா பக்கத்து ஊருக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கப் போனார். திரும்பி வரும்போது ஆலயம் ஒரு கற்குவியலாகக் கிடந்தது. இடித்த இயந்திரம் அடுத்த ஊர் வேலைக்குப் போயே போய்விட்டது. அவர் காரை விட்டு இறங்கிக் கதவைக்கூடச் சாத்தாமல் நின்றார். கல்லுக்கு நடுவே தூண்கள் முறிந்து, ஓக் ரேகைக்கு உள்ளிருந்து பைன் மஞ்சளாகத் துருத்திக்கொண்டிருந்தது. பேரன் பேத்தி காலம்வரை காட்ட என்று ஆளுக்கொரு துண்டு எடுத்துப் போனோம். அவர் ஒரு சிராய்கூட எடுக்கவில்லை.

புதுக் கட்டடம் ஒன்றரை வருடத்தில் எழும்பியது. செங்கல் சுவர், வெள்ளைக் கூம்பு, உள்சுவரில் பாதி உயரத்துக்கு முரட்டுத் துணி, ஆராதனைக் கூடத்துக்குப் பின்னால் மடக்குத் திரை, திரையை விலக்கினால் கூடைப்பந்துக் கூடம். பக்கத்து ஊரிலும் அதே, அதற்கடுத்த ஊரிலும் அதே. எங்கள் பள்ளத்தாக்கில் வான்கோழிக் கொட்டகைகள் வரிசையாக நிற்கும், ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இருக்காது. "வான்கோழிக்குக் கட்டின கை சும்மா இருக்குமா? நமக்கும் கட்டிட்டான்" என்றார் ஆர்வில்லா. ஊர் முழுக்கச் சிரித்தது. நான் மட்டும் வாயை மூடிக்கொண்டேன், ஏனென்றால் எனக்கு அந்தக் கட்டடம் பிடித்திருந்தது. குளிர்காலத்தில் கதகதப்பாக இருக்கும். சனிக்கிழமை முறை வைத்து நாங்களே கூட்டித் துடைப்போம், ஞாயிறு காலை மெழுகு வாசனை அடிக்கும். தூரத்தில் யாருமில்லாத சாலையில் போகும்போது ஒரு வெள்ளைக் கூம்பு தெரிந்தால், அங்கே எனக்கு ஓர் இருக்கை உண்டு என்று தோன்றும். அழகில்லை என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

ஆர்வில்லா வாசிப்பதை நிறுத்தவில்லை. "எனக்குக் கோபம் கொட்டகை மேலதான், கடவுள் மேல இல்லை" என்பார். ஆனால் அண்ணனோடு பேச்சு, ஆலயம் இடிந்த அன்றோடு அறுந்தது. சில வருடத்தில் டெல்மண்ட் வான்கோழிகளை விற்றுவிட்டு, பிள்ளைகளோடு இருக்க ஓரெம் நகரத்துக்குக் குடிபோனான். இரண்டு மணி நேரப் பயணம்கூட இல்லை. பேச்சு அறுந்த முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு முறைகூட அவர் போகவில்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்து ஒவ்வொரு வருடமும் தபாலில் வரும். பிரிக்காமல் இழுப்பறையில் போட்டுவிடுவார்.

அறுபத்தாறு வயதில் கண் போயிற்று. கண்ணுக்குள் அழுத்தமாம், மருந்து விட்டும் நிற்கவில்லை. கொல்லைக் கதவிலிருந்து கோழிக் கூண்டு வரைக்கும் நான்தான் கயிறு கட்டிக்கொடுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நடப்பார். என் வீட்டுக்கு வந்தால் என் நாற்காலியில் இடித்துக்கொண்டு என்னையே திட்டுவார். ஆனால் சபைக் கட்டடத்துக்குள் நுழைந்தால் யார் கையும் வேண்டாம். வாசலிலிருந்து ஆர்கன் வரை முப்பத்தொரு எட்டு, படி மூன்று.

ஒரு முறை, ஊழியத்துக்குப் புறப்பட்ட என் பேரனின் வழியனுப்பு ஆராதனைக்கு அவரைப் பக்கத்து மாநிலமான ஐடஹோவுக்கு அழைத்துப் போயிருந்தேன். அவர் அதுவரை கால் வைக்காத ஊர், ஆனால் சபைக் கட்டடம் எங்களுடையதின் அதே அச்சு. கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். கூடத்தின் கோடியில் குடிதண்ணீர்க் குழாயில் குனிந்து குடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் முகத்தில் ஒரு திகைப்பு. தான் எங்கே இருக்கிறோம், எப்படி வந்தோம் என்று அப்போதுதான் உறைத்திருக்கிறது.

"யார் கூட்டிட்டு வந்தாங்க?" என்றேன்.

"யாரும் இல்லை. தாகம் எடுத்துச்சு, வந்தேன்." வாயைத் துடைத்துக்கொண்டார். "வாயைத் திறக்காதே, நெல்டன். நீ என்ன சொல்லப்போறேன்னு எனக்குத் தெரியும்."

 அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் கொட்டகை என்ற வார்த்தையை அவர் எடுக்கவில்லை.

இரண்டாயிரத்துப் பத்து மார்ச்சில் டெல்மண்டிடமிருந்து தொலைபேசி வந்தது. நான் ஆர்வில்லாவின் சமையலறையில் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் பேசுவது அவர் வழக்கம்.

"வில்லா, நான்தான்."

அவர் தொலைபேசியை வைத்துவிடவில்லை. 

"இயந்திரம் செவ்வாய்க்கிழமை வரும்னு எனக்கு முன்னாடியே தெரியும். நீ அன்னைக்கு ஊர்ல இருக்க மாட்டேன்னும் தெரியும். நீ வாசல்ல போய் நின்னுட்டா என்ன பண்றதுன்னு பயந்தேன். அதான்."

"தெரியும்னு எனக்கும் தெரியும்" என்றார் ஆர்வில்லா.

டெல்மண்ட் நேரே விஷயத்துக்கு வந்தான். "என் அடக்கத்துக்கு நீ வாசிக்கணும். அம்மா ரொட்டி பிசையறப்போ பாடுவாளே, அந்தப் பாட்டு."

"யோசிச்சுச் சொல்றேன்."

"சீக்கிரம் யோசி. டாக்டர் ஆறு வாரம்தான் கொடுத்திருக்கார்."

தொலைபேசியை வைத்துவிட்டு அவர் என்னிடம், "குழாய் இன்னும் ஒழுகுது" என்றார். அன்று மாலையிலிருந்து தெருவுக்குக் கேட்கும்படி அந்தப் பாட்டைப் பியானோவில் வாசித்துப் பழக ஆரம்பித்தார். அடுத்த சனிக்கிழமை அவனைப் பார்க்கப் போகலாமா என்று இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும், "இந்த வாரம் வேண்டாம்" என்றார். டெல்மண்டுக்கு டாக்டர் சொன்ன ஆறு வாரமும் கிடைக்கவில்லை. மூன்றாவது வாரமே போய்விட்டான்.

அடக்கம் பதினொரு மணிக்கு. டெல்மண்டின் மகன் ப்ரைஸ் வழி சொன்னான்: எண்ணூறு கிழக்குத் தெரு, செங்கல் கட்டடம், வெள்ளைக் கூம்பு. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன் நான், ஒரு தாளில் எழுதிக்கொள்ளவில்லை. கைபேசியையும் வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டேன். எண்ணூறு கிழக்கில் திரும்பினேன், செங்கல் கட்டடம் இருந்தது, வெள்ளைக் கூம்பு இருந்தது, வாசலில் சவ ஊர்தியும் நின்றது. வேறென்ன வேண்டும்? காற்று ஆளைத் தள்ளியது. ஆர்கன் பக்கத்துச் சிறு கதவருகே அவரை இறக்கினேன்.

"கையைப் பிடிச்சுக்கட்டுமா?"

"கையைப் பிடிச்சா எண்ணிக்கை தப்பிடும். நீ போய் வண்டியை நிறுத்து."

வண்டியை நிறுத்தி, தலையைச் சீவிக்கொண்டு உள்ளே போவதற்குள் ஆர்கன் ஒலித்துக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பத்துப் பேர் இருந்தார்கள். ஐந்து வருடம் பிஷப்பாக இருந்தவனுக்குப் பத்துப் பேரா என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த அடக்க நிரல் தாளை எடுத்தேன். அதில் ஒட்டியிருந்த படத்தில் தொப்பி போட்ட ஓர் அந்நியன் சிரித்தான். ஹோமர் டட்சன், லாரி ஓட்டுநர்.

 ஓரமாக, குனிந்தபடி ஆர்கன் வரை போனேன்.

"ஆர்வில்லா, கட்டடம் மாறிப்போச்சு."

விரல்கள் நிற்கவில்லை. "என்ன உளர்றே?"

"இது டெல்மண்ட் இல்லை. யாரோ டட்சன். லாரி ஓட்டினவராம்."

"பஸ் ஓட்டினவன் லாரி ஓட்டினவன்கிட்ட கொண்டுவந்து விட்டுட்டியா?" இரண்டு மூன்று சுரம் தப்பியது, உடனே சரிசெய்துகொண்டார். "ஒரு பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. சபைப் பெண்கள் சங்கத்துச் சகோதரிங்கதான் அனுப்பினாங்கன்னு நினைச்சிருக்கா. இவங்க ஆர்கன்காரம்மாவுக்குக் காய்ச்சலாம்."

"எழுந்திரிங்க. மணி பதினொண்ணு ஆகப்போகுது."

"இங்கே எத்தனை பேர்?"

"என்னைச் சேர்த்தாப் பதினொண்ணு."

"அங்கே முன்னூறு பேர் இருப்பாங்க. அதிலே பியானோ தெரிஞ்சவங்க முப்பது பேர் இருப்பாங்க. உட்காரு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆலயத்துக்குள் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. "நல்ல சாக்குக் கிடைச்சிருச்சு உங்களுக்கு. செத்தவன்கிட்டகூடவா வீம்பு?"

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "அதுவும் இருக்கு" என்றார். "பயமாவும் இருக்கு, நெல்டன். உட்காரு."

உட்கார்ந்தேன். டட்சனுக்கு வாழ்க்கைக் குறிப்பு வாசித்தது, ஆர்வில்லாவின் கையைப் பிடித்து அழுத அந்தப் பெண்தான், அவருடைய மகள், மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. நாற்பது வருடமாக அப்பா இந்த வாசலை மிதிக்கவில்லை, ஆனால் எந்த ஊருக்குச் சரக்கு ஏற்றிப் போனாலும் நம் கூம்பைப் பார்த்தால் வேகத்தைக் குறைப்பார் என்றாள். அப்பாவுக்குப் பிடித்த பாட்டு என்னவென்று தெரியவில்லை, சகோதரி ஏதாவது ஒன்று வாசித்தால் போதும் என்றும் சொன்னாள். ஆர்வில்லா கைகளை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தாமதித்தார். பிறகு டெல்மண்டுக்கென்று மூன்று வாரம் பழகிய பாட்டை ஹோமர் டட்சனுக்கு வாசித்தார். அதற்குமேல் நான் கோபமாக இருக்க முடியவில்லை.

முடிந்து வெளியே வந்ததும் அங்கிருந்த ஒருவரிடம் வழி கேட்டேன். நான்கு தெரு தள்ளி, இதே தெருவில், இதேபோல் ஒன்று. காரில் அவர் மடியில் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சிருக்கும்" என்றார்.

"முடிஞ்சிருக்கும்" என்றேன். ஆறுதலுக்குப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

வண்டிகள் நிறைந்து கிடந்தன. சவ ஊர்தி அசையாமல் நின்றது. முன்கூடத்தில் உருளைக்கிழங்கும் சீஸும் வேகிற வாசனை, அடக்கம் முடிந்து வருகிறவர்களுக்காகச் சமையலறையில் தயாராகிக்கொண்டிருந்தது. கூடத்துக் கடிகாரம் பதினொன்று நாற்பத்தைந்து காட்டியது. ஆராதனைக் கூடத்தின் கதவைத் திறந்து பார்த்தேன். முன்னூறு பேர் பேச்சுமூச்சின்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நிமிடம் தாமதமானாலே செருமத் தொடங்கும் ஜனங்கள் நாங்கள். ப்ரைஸ் எங்களைப் பார்த்து வெளியே ஓடிவந்தான்.

"அத்தை."

"முடிஞ்சுதா?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, அத்தை. அப்பா எழுதி வெச்சிருந்தார்." சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான்.  மெதுவான குரலில் வாசித்தான். "'வில்லா வர்ற வரைக்கும் ஆரம்பிக்காதீங்க. மணி பன்னிரண்டு வரைக்கும் பாருங்க. வரலைன்னா, அவ கோபம் நியாயமான கோபம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு ஆரம்பிங்க.'"

 ஆர்வில்லா கோட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார். நான் கையைப் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டார். கதவைத் தள்ளிக்கொண்டு, இடப்பக்கத்து நடைவழியில், நிமிர்ந்த தலையோடு நடந்தார். ஒவ்வொரு எட்டுக்கும் உதடு அசைந்தது. முன்னூறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசை தாண்டி, வலப்பக்கம் திரும்பி, மேடைக்கும் வரிசைக்கும் இடையே ஆர்கனை நோக்கிக் கடந்தார். நான் சத்தம் போட்டிருக்க வேண்டும். எனக்கு உறைக்கும்போது நேரம் கடந்துவிட்டது.

இருபத்துநான்காவது எட்டில் அவர் இடுப்பு டெல்மண்டின் பெட்டியில் போய் மோதியது.

நாடு முழுக்க எந்தக் கட்டடத்திலும் அந்த இடத்தில் எதுவும் இருக்காது. அவர் திகைத்து நின்றார். "இங்கே ஒண்ணும் இருக்கக் கூடாதே" என்றார், யாரிடமும் இல்லாமல். இரண்டு கையாலும் தடவினார். மூடியின் விளிம்பு, பூக்கள், மறுபடியும் மூடி. பிறகு கைகள் நின்றுவிட்டன. அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. நான் அழுதேன்.

"டெல்மண்ட்" என்றார், வீட்டில் கூப்பிடுவதுபோல. "கொஞ்சம் வழி விடு. வாசிக்கப் போகணும்."

பெட்டியைத் தொட்டபடியே அதன் நீளத்துக்கு நடந்தார். முனை வந்ததும் நின்றார். ஆர்கன் நான்கு எட்டில் இருந்தது. அவர் நகரவில்லை. பிறகு என் பக்கம், கதவு இருந்த திசையில், கையை நீட்டினார்.

"நெல்டன், எண்ணிக்கை விட்டுப்போச்சு. கையைக் குடு."

அந்தக் கோட்டை அப்படியே ஒரு நாற்காலியில் போட்டுவிட்டு முன்னே போனேன்.